பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை? மக்கள்தொகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சமூக அறிவியல் ஆசிரியை. 2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு என்னையும் அனுப்பினார்கள். திருமணமான பெண்களிடம் கேட்கவேண்டிய இரண்டு கேள்விகள் அந்தப் படிவத்தில் இருந்தன. இதுவரை உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை? அவர்களில் இப்போது இருப்பவர்கள் எத்தனை? எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னார்: "பெத்தது ஒம்போது டீச்சர். தங்கினது நாலு." பக்கத்தில் நின்ற மருமகளிடம் கேட்டேன். "ரெண்டு. ரெண்டும் இருக்கு." அதற்கு முன்பு பல வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஆனால் அது எனக்கே புரிந்தது அந்தத் திண்ணையில்தான். அன்று முதல் மாணவர்களும் பெற்றோரும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

உலகத்தில் இப்போது எத்தனை பேர் இருக்கிறோம்?

820 கோடியைத் தாண்டிவிட்டோம். மனித இனம் முதல் 100 கோடியைத் தொட்டது 1804ஐ ஒட்டி என்று கணக்கிடுகிறார்கள். அதுவரை லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த 100 கோடிக்கு 123 ஆண்டுகள் போதும், 1927இல் 200 கோடி ஆனோம். அப்புறம் வேகம் பிடித்தது: 1960இல் 300, 1974இல் 400, 1987இல் 500, 1999இல் 600, 2011இல் 700, 2022 நவம்பரில் 800 கோடி. 1987 ஜூலை 11ஐ 500 கோடி நாளாகக் குறித்தார்கள். உலக மக்கள்தொகை நாள் ஜூலை 11இல் வருவது அதனால்தான்.

கடைசி எண்களை மட்டும் உற்றுப் பாருங்கள். 1999க்குப் பிறகு ஒவ்வொரு 100 கோடிக்கும் ஏறத்தாழ 11, 12 ஆண்டுகள். வண்டி அதே வேகத்தில்தான் ஓடுகிறது, இன்னும் வேகம் எடுக்கவில்லை. விழுக்காட்டில் பார்த்தால் வேகம் குறைந்தே விட்டது. 1960களில் ஆண்டு வளர்ச்சி 2 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது, இன்று 1 விழுக்காட்டுக்கும் கீழே. இந்த நூற்றாண்டின் 2080களில் 1030 கோடி அளவில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும் என்பது ஐக்கிய நாடுகள் அவை 2024இல் வெளியிட்ட கணிப்பு.

இருநூறு ஆண்டில் இவ்வளவு பெருகியது எப்படி? அந்தக் காலத்தில்தானே பத்துப் பிள்ளை பெற்றார்கள்?

ஆமாம், பெற்றார்கள். தங்கவில்லை. அதுதான் முழு விஷயமும். எந்த நாட்டின் பழைய பதிவுகளை எடுத்தாலும் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதி, பெரியவர்களாகும் முன்பே இறந்திருக்கின்றன. நாலைந்து பெற்று இரண்டோ இரண்டரையோ மிஞ்சினால் மக்கள்தொகை எப்படிப் பெருகும்? ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஊர்கள் ஏறக்குறைய இருந்த அளவிலேயே இருந்தன. இடையில் ஒரு பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தால் குறைந்தன.

பிறகு சாவு குறைந்தது. முதலில் ஐரோப்பாவில், நல்ல தண்ணீர், சாக்கடை, அம்மை குத்துதல் ஆகியவற்றால். அங்கே ஒரு நூற்றாண்டு பிடித்த மாற்றம் ஆசியாவுக்கு இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு முப்பது நாற்பது ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. மலேரியா ஒழிப்பு, தடுப்பூசி, ஆன்டிபயாடிக் எல்லாம் சேர்ந்து வந்தன. இந்தியா விடுதலை அடைந்த காலத்தில் நம் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது. இன்று 70ஐத் தாண்டுகிறது.

நான் வகுப்பில் தவறாமல் சொல்லும் ஓர் உதாரணம் உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் சர்க்கரையையும் உப்பையும் தண்ணீரில் கலந்து டிரம்களில் நிரப்பி, உறவினர்கள் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்க வைத்தார். 30 விழுக்காடாக இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் அதுதான். மக்கள்தொகை "வெடித்தது" என்கிறார்களே, அந்த வெடிப்புக்குள் இருப்பவை இப்படிப் பிழைத்த குழந்தைகள். அந்தச் சொல்லை நான் வகுப்பில் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டேன்.

சரி, அப்புறம் ஏன் பிள்ளை பெறுவது குறைந்தது?

சாவு குறைந்த உடனே பிறப்பு குறைவதில்லை. நடுவில் ஒரு தலைமுறை இடைவெளி விழுகிறது. ஐந்து பிள்ளைகளைப் பறிகொடுத்த மாமியார், மருமகளிடம் "ரெண்டோட நிறுத்து" என்று சொல்ல மாட்டார். பிறப்பவை தங்கும் என்ற நம்பிக்கை வரவேண்டும், அது கண்ணால் பார்த்துத்தான் வரும். அந்த இடைவெளியில்தான் மக்கள்தொகை மளமளவென்று ஏறுகிறது.

நம்பிக்கை வந்த பிறகு இன்னும் இரண்டு தேவை: பெண்ணுக்குப் படிப்பு, கைக்கெட்டும் தூரத்தில் கருத்தடை வசதி. ஈரானை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் தொடக்கத்தில் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்கு மேல். ஈராக்குடன் நடந்த போர் முடிந்ததும், 1989இல், நாட்டை ஆண்ட மதத் தலைமையின் கீழேயே குடும்பநலத் திட்டம் மீண்டும் தொடங்கியது. கிராமங்களில் "சுகாதார வீடுகள்" இயங்கின, திருமணத்துக்கு முன் கருத்தடை வகுப்பு கட்டாயமானது, பெண்கள் பெருமளவில் பள்ளிக்குப் போனார்கள். இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டி சராசரி இரண்டுக்கு வந்துவிட்டது. பல ஐரோப்பிய நாடுகள் இரண்டு மூன்று தலைமுறை நடந்த தூரம் அது. வங்கதேசத்தில் பெண் களப்பணியாளர்கள் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோனார்கள். அங்கேயும் ஆறுக்கு மேல் இருந்தது இரண்டு சொச்சத்துக்கு வந்தது. இரண்டுமே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். "அவர்கள் மதமே பெற்றுத்தள்ளச் சொல்கிறது" என்று பேசும் உறவினர்களிடம் இந்த இரண்டு நாடுகளின் கதையைச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. கருத்தடை என்பது நாட்டின் வறுமைக்காக மட்டும் வேண்டியதில்லை, பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டும் என்று பெரியார் 1920களின் இறுதியிலேயே எழுதத் தொடங்கிவிட்டார். பிறகு பள்ளி மதிய உணவு, 1982இன் சத்துணவுத் திட்டம், வீடு தேடிவந்த நர்ஸம்மா, ஆரம்ப சுகாதார நிலையம், சுவரெல்லாம் குடும்பநலச் சின்னமான சிவப்பு முக்கோணம், "நாம் இருவர் நமக்கு இருவர்" என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1992–93 தேசியக் குடும்பநல ஆய்வில் இங்கே சராசரி ஏறத்தாழ 2.5, 2019–21 ஆய்வில் 1.8.

கட்டாயப்படுத்தினால் சீக்கிரம் குறையாதா? சீனா செய்ததே?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஆனாலும் பொறுமையாகத்தான் பதில் சொல்வேன்.

சீனாவில் ஒரு குழந்தைச் சட்டம் வந்தது 1980ஐ ஒட்டி. அதற்கு முந்தைய பத்தே ஆண்டில் அங்கே சராசரி ஆறிலிருந்து மூன்றுக்கும் கீழே ஏற்கெனவே இறங்கியிருந்தது. பெரும்பங்கு வேலை சட்டத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. சட்டம் விட்டுச்சென்றவை கட்டாயக் கருக்கலைப்புகளும் பிறக்காமல் போன பெண் குழந்தைகளும். 2016இல் இரண்டு பெறலாம் என்றார்கள், 2021இல் மூன்று. யாரும் பெறவில்லை. 2022 முதல் சீனாவின் மக்கள்தொகை குறைந்துவருகிறது.

நம் நாட்டில் அவசரநிலையின்போது, 1976–77 ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன்கள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கு, பல இடங்களில் வலுக்கட்டாயமாக. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 2019–21 ஆய்வின்படி இந்தியத் தம்பதிகளில் பெண் ஆபரேஷன் செய்துகொண்டது 38 விழுக்காடு, ஆண் செய்துகொண்டது 0.3. ஆணுக்கு அது சில நிமிட வேலை, மறுநாளே வீட்டில் நடமாடலாம். ஆனாலும் சுமை முழுவதும் பெண் மேல்.

எதிர்த்திசையிலும் கட்டாயம் தோற்றிருக்கிறது. ருமேனியாவில் 1966இல் சௌசெஸ்கு அரசு கருக்கலைப்பைத் தடைசெய்தது, கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. மறுவருடம் பிறப்புகள் ஏறத்தாழ இரண்டு மடங்காயின. சில ஆண்டுகளில் மக்கள் கள்ள வழிகளைக் கண்டுபிடித்தார்கள், எண்ணிக்கை பழையபடி இறங்கத் தொடங்கியது. 1989இல் அந்த ஆட்சி விழும்வரை ஆயிரக்கணக்கான பெண்கள் திருட்டுக் கருக்கலைப்பில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

"2.1" என்று ஒரு எண் சொல்கிறார்களே, அது என்ன?

ஒரு தலைமுறை தன் இடத்தை நிரப்ப, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இத்தனை பிள்ளைகள் வேண்டும். அம்மா அப்பாவுக்குப் பதில் இரண்டு. மிச்சம் அந்த .1, பெரியவர்களாகும் முன் இறப்பவர்களுக்காகவும், ஆண் குழந்தைகள் இயற்கையாகவே கொஞ்சம் அதிகம் பிறப்பதற்காகவும். குழந்தைச் சாவு அதிகமுள்ள நாட்டில் இந்த எண் இன்னும் கூடும்.

இந்தியாவின் சராசரி 2.0க்கு வந்துவிட்டது. பிறகும் ஏன் தொகை ஏறுகிறது?

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஆனால் நம் வீடுகளிலேயே விடை இருக்கிறது. அந்தப் பாட்டிக்குத் தங்கியது நாலு. நாலு பேருக்கும் ஆளுக்கு இரண்டு என்றால் பேரப்பிள்ளைகள் எட்டு. பாட்டியும் தாத்தாவும் இரண்டே பேர். அவர்கள் போனாலும் வீட்டுக் கணக்கு ஏறித்தான் இருக்கும். முன்பு நிறையப் பிறந்ததால் இன்று பிள்ளை பெறும் வயதில் நிறையப் பேர். ஆளுக்குக் குறைவாகப் பெற்றாலும் மொத்தம் கூடும். ஓடும் பேருந்தில் பிரேக் போட்டாலும் கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கும். இந்தியா 2060களில் 170 கோடி அளவில் உச்சம் தொடும் என்று ஐ.நா. கணிக்கிறது. 2023இல் சீனாவை முந்தியது இந்த உந்துவேகத்தால்தான்.

ஆகவே ஒரு நாட்டைப் பற்றிக் கேட்கும்போது தலைக்கணக்கோடு நிறுத்தாதீர்கள், வயதையும் கேளுங்கள். ஆப்பிரிக்காவின் நைஜரில் பாதிப் பேர் 16 வயதைக்கூட எட்டாதவர்கள். ஜப்பானில் நூற்றுக்கு 29 பேர் 65ஐத் தாண்டியவர்கள். முதல் நாட்டுக்கு வகுப்பறை வேண்டும், இரண்டாவது நாட்டுக்கு முதியோரைப் பார்த்துக்கொள்ளக் கை வேண்டும்.

இத்தனை பேருக்கு இடமும் சோறும் இருக்கிறதா?

இடம் ஒரு பிரச்சினையே இல்லை. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,060 சதுர கிலோமீட்டர். 820 கோடிப் பேரையும் இங்கேயே கொண்டுவந்து நிறுத்தினால் ஆளுக்கு ஏறத்தாழ 170 சதுர அடி, ஒரு அறை கிடைக்கும். நீங்களே வகுத்துப் பாருங்கள்.

சோறு? மக்கள் பெருகும் வேகத்துக்கு விளைச்சல் ஈடுகொடுக்காது என்று ஆங்கிலேயப் பொருளியலாளர் மால்தஸ் 1798இல் எழுதினார். அவர் சொன்னது அவருக்கு முந்தைய காலத்துக்குப் பொருந்தும். செயற்கை உரமும் புதிய வித்துகளும் பாசனமும் வந்தபின் விளைச்சல் மக்களை முந்தியது. 1960களில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த இந்தியா இன்று அரிசி ஏற்றுமதி செய்கிறது. ஆனால் நிலத்தடி நீரும் மண்ணும் அதற்குக் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. காற்றுமண்டலத்தின் சுமையோ தலைக்கணக்கை மட்டும் பொறுத்தது இல்லை. ஒரு அமெரிக்கர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு 14 டன்னை ஒட்டி இருக்கிறது. நைஜரில் ஒருவருக்கு அரை டன்கூட வராது. ஏழு பிள்ளை பெறும் தாயைக் குற்றவாளி ஆக்குவது நியாயமே இல்லை.

மனிதர்கள் உலகம் முழுக்கப் பரவியது எப்படி?

ஆப்பிரிக்காவிலிருந்து. அறுபது எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய கூட்டங்களின் வாரிசுகள்தான் இன்று ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் ஏறக்குறைய எல்லோரும். ஆஸ்திரேலியாவை எட்டி ஐம்பதாயிரம் ஆண்டுகளாவது ஆகின்றன. அமெரிக்கக் கண்டங்களுக்குள் போய்ப் பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல். கடைசியாக ஆள் குடியேறிய பெரிய நிலம் நியூசிலாந்து, கி.பி. 1300ஐ ஒட்டி. இங்கே பாண்டியர் ஆட்சி நடந்த காலம்! பாலினேசியர்கள் திசைகாட்டி இல்லாமல், நட்சத்திரத்தையும் அலையையும் பறவையையும் பார்த்து இரட்டைப் படகில் போனார்கள். தென் அமெரிக்கச் செடியான சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அவர்கள் தீவுகளில் விளைந்தது. நியூசிலாந்தில் அதற்கு "குமரா" என்று பெயர். ஆண்டீஸ் மலை மக்களின் மொழியில் "குமர்". எவ்வளவு தூரம் போய் வந்திருக்கிறார்கள் பாருங்கள்.

எல்லாப் பயணமும் விரும்பிப் போனதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி அடிமைகளாக ஏற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி. அவர்களில் 18 லட்சம் பேர் கரையைப் பார்க்கவே இல்லை. பிரிட்டன் அடிமைமுறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டார்கள். 1834 முதல் மொரிஷியஸ், கயானா, தென்னாப்பிரிக்காவின் நேட்டால், பிஜி என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். நம் ஊர்களிலிருந்து கங்காணிகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் குடும்பம் குடும்பமாக அழைத்துச் சென்றார்கள்.

அப்படி இலங்கைக்குப் போன மலையகத் தமிழர் கதையை எந்த மக்கள்தொகைப் பாடத்திலும் விடக்கூடாது என்பது என் எண்ணம். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அவர்கள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. மனிதரை வெறும் எண்ணிக்கையாகப் பார்த்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு நான் காட்டும் சாட்சி இது.

இன்று பிறந்த நாட்டை விட்டு வெளிநாட்டில் வாழ்பவர்கள் 30 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் உலகில் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை.

மக்கள்தொகை குறைந்துபோன இடங்கள் உண்டா?

உண்டு. 1911க்கும் 1921க்கும் நடுவில் இந்தியாவே குறைந்தது. 1918 இன்ஃப்ளூயன்சாவில் ஒரு கோடிக்கும் மேல் செத்தார்கள். அயர்லாந்தில் 1841இல் 81 லட்சம் பேர் இருந்தார்கள். 1845 முதல் உருளைக்கிழங்குப் பஞ்சம், பத்து லட்சம் சாவு, பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்தத் தீவு இன்றுவரை பழைய எண்ணிக்கையை எட்டவில்லை.

இப்போது குறைவது வேறு மாதிரி. தென்கொரியாவில் 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72. நூறு பேருக்கு 36 பிள்ளைகள், அந்த 36 பேருக்கு 13 என்று போகும். அங்கே அரசு பணம் கொட்டிப் பார்க்கிறது. நள்ளிரவுவரை வேலை, எட்டமுடியாத வீட்டு விலை, டியூஷன் செலவு, பிள்ளை பிறந்தால் வேலையை இழக்கும் பெண் எல்லாம் அப்படியே இருக்க, பணம் மட்டும் என்ன செய்யும்?

தமிழ்நாட்டுக்கு இதனால் என்ன?

நாம் சீக்கிரம் மூப்படைகிறோம். 2021 மதிப்பீட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் இங்கே நூற்றுக்கு 13 பேருக்கு மேல், நாட்டுச் சராசரியோ 10தான். பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2019–21 ஆய்வில் 3 பிள்ளைகள். அங்கே இளைஞர்கள், இங்கே வேலைகள். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சென்னைக் கட்டடங்களிலும் இந்தி கேட்பது இதனால்தான். அவர்கள் பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்து தமிழ் எழுதினார்கள். நம்மவர்கள் இலங்கையின் கண்டிக்கும் மலாயாவின் பினாங்குக்கும் போனது போல இவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள்.

இன்னொன்று அரசியல். நாடாளுமன்ற மக்களவையில் நமக்கு 41 இடங்கள் இருந்தன, மக்கள்தொகைப்படி பிரித்தபோது 1967 தேர்தலில் 39 ஆனது. சொன்னபடி குடும்பக் கட்டுப்பாடு செய்த மாநிலங்கள் மேலும் இழக்கக் கூடாது என்றுதான் 1976இல் 1971 கணக்கை அடிப்படையாக வைத்து மாநிலங்களின் இடங்களை உறைய வைத்தார்கள், 2001இல் அதை நீட்டித்தார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதற்காகப் பெண்களிடம் "இன்னும் பெறுங்கள்" என்று கேட்பதை என்னால் ஏற்க முடியாது.

பெண் குழந்தைகள் குறைவது உண்மையா?

இயற்கை விகிதப்படி 1000 ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் இருக்கவேண்டும். 2011இல் ஆறு வயது வரையிலான கணக்கில் நாடு முழுக்க 919தான். 1992இல் சேலத்தில், பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் தொடங்கவேண்டியிருந்தது என்பதை எங்கள் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். இது மாறும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. தென்கொரியாவில் 1990இல் 100 பெண் குழந்தைகளுக்கு 116 ஆண் குழந்தைகள் பிறந்தன, 2007ஐ ஒட்டி அது இயற்கை அளவுக்குத் திரும்பிவிட்டது.

அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் வந்தால் என்ன சொல்லவேண்டும்?

2021இல் நடக்கவேண்டியது தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக அரசு அறிவித்திருக்கிறது. வீட்டில் எல்லோருடைய பிறந்த தேதியையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். "அம்பதோ அறுபதோ போட்டுக்கோங்க" என்ற பதிலை நான் அத்தனை முறை கேட்டிருக்கிறேன். அதனால்தான் நம் கணக்கில் 0, 5இல் முடியும் வயதுக்காரர்கள் மட்டும் மலைபோல் குவிந்துகிடக்கிறார்கள். கைக்குழந்தையைச் சேர்க்க மறக்காதீர்கள், பெயர் வைக்காவிட்டாலும் சேர்க்கவேண்டும். மாடி அறையில் தங்கியிருக்கும் ஒடிசாப் பையன்களிடமும் சொல்லிவையுங்கள். 2011இல் வீடில்லாதவர்களைப் பிப்ரவரி 28 இரவு எண்ணினோம். பேருந்து நிலையத்தில் போர்வைக்குள் இருந்த ஒருவர் எழுந்து, "என்னையும் எழுதுறீங்களா?" என்று கேட்டார். பெயர் கேட்டு எழுதினேன். எழுத்து சரியாக இருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.